கத்திரி வெயிலில் நகர்ச் சுற்றுலா: போடிப் பகுதியினர் எந்த ஊரைத் தேர்வது?

ஆண்டுதோறும் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரம், பள்ளி விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. ஏலத்தோட்டங்களில் காய்ப் பறிப்பும் அப்போது ஓய்ந்திருக்கும். ராசிங்காபுரம், போடி வட்டாரக் குடும்பங்களுக்கு ஊர் பார்க்க வாய்க்கும் காலம் இதுவே. குளிர்ச்சி மட்டும் போதுமென்றால் மலையேறலாம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். நகரம் பார்க்க விரும்புவோர் பகல் வெப்பம், காற்றின் ஈரம், நண்பகலில் ஒதுங்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். வறண்ட காற்றில் வேர்வை உலர்ந்து உடல் ஆறும். ஈரக் காற்றில் 33 டிகிரியிலேயே வேர்வை வழியும், உடல் ஆறாது.

மதுரை

போடியிலிருந்து சுமார் 90 கி.மீ. 2011-இல் நிறுத்தப்பட்ட ரயில், அகலப் பாதையாக மாறி 2023 ஜூனில் மீண்டும் போடிக்கு வந்தது. செலவு குறைவு; ஒரே நாளில் திரும்பலாம். வெயில் 38 முதல் 40 டிகிரி வரை ஏறும், வறண்ட சூடு. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறியபின் திறந்தவெளிப் பிரகாரக் கல்தளம் வெறுங்காலைச் சுடும். நண்பகலில் நடையும் சாத்தப்படும். கீழடி அருங்காட்சியகமும் காலைக்கே ஏற்றது. உச்சிப்பொழுதுக்கு, குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம் உண்டு. மாலையில் கடைவீதிகளும் ஜிகர்தண்டாவும். சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண விரும்புவோர் தங்குமிடத்தை முன்பே உறுதிசெய்ய வேண்டும். கூட்டம் ஒவ்வாதோர் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

சென்னை

போடியிலிருந்து சென்ட்ரலுக்கு நேரடி ரயில், வாரம் மூன்று நாள் என்று 2023 ஜூனில் தொடங்கியது. பார்க்க வேண்டியவை இங்கேதான் அதிகம். வெயிலின் போக்கைக் கணிப்பது கடினமாக இருப்பதும் இங்கேதான். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று நுழைந்தால் வெப்பம் மேலே ஏறாது. மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்தால் 40-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இரவிலும் புழுக்கம் விடாது என்பதால் ஏசி அறைக்கான செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலில் எழும்பூர் அருங்காட்சியகம் (வெள்ளி விடுமுறை), மெட்ரோ ரயில் பயணம்; வெயில் தாழ்ந்தபின் மெரினா என்று நாளைப் பிரிப்பது பொருந்தும்.

கொச்சி

போடிமெட்டு, மூணாறு வழியாக தேசிய நெடுஞ்சாலை 85 நேரே அங்கு கொண்டுசேர்க்கும். வெப்பம் 33 டிகிரி அளவில் நின்றாலும் புழுக்கம் கடுமை. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் ஏசி படகுகள் நண்பகலுக்கு ஏற்றவை. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரித் தெருக்களில் காலையில் நடக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றும் வழக்கமுள்ளோருக்குப் பாதை சிரமம். மூணாறில் ஓர் இரவு தங்கினால் பயணம் இலகுவாகும். ஜூன் முதல் வாரத்தை ஒட்டிப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மே நடுப்பகுதிக்குள் போய் வருவது உத்தமம்.

பெங்களூரு

சுமார் 920 மீட்டர் உயரம். பகலில் 33 அளவில் நிற்கும் வெப்பம் இரவில் 22-ஐ நெருங்கும். மே மாதப் பிற்பகல்களில் இடிமழை அடிக்கடி பெய்வதால் குடை தேவை. லால்பாக்கைக் காலையில் சுற்றிவிட்டு, விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பகலைக் கழிக்கலாம். தேனியிலிருந்து இரவுப் பேருந்து உண்டு. நெரிசலில் நேரம் கரையும். ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும்.

யாருக்கு எது?

முதியோரும் கைக்குழந்தையும் உடன் வந்தால் பெங்களூருவே முதல் தேர்வு. இரவில் உடல் ஆறுவதே அதற்குக் காரணம். செலவைச் சுருக்க வேண்டியோருக்கு மதுரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகமும் கடலும் காட்ட விரும்புவோர், ஏசி அறை எடுக்க முடிந்தால் சென்னை. போகும் வழியையும் சுற்றுலாவாகக் கொள்வோருக்குக் கொச்சி. எந்த ஊரானாலும் பகல் 11 முதல் 4 வரை கூரைக்கடியில் இருப்பது, தாகம் எடுக்கும் முன்பே நீர்மோரோ தண்ணீரோ குடிப்பது என இரண்டும் மாறாதவை. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. மே முதல் வாரப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரமே ஊரை முடிவுசெய்துவிட வேண்டும்.