"முதல்" என்று சொல்லும்போதெல்லாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தொமினிக்கன் குடியரசின் புந்தா கானாவில் ஒரு வாரம் தங்கப் போவதாகவும், அதில் ஒரு நாள் வழிகாட்டியோடு சாந்தோ தொமிங்கோ போய்வரப் பணம் கட்டிவிட்டதாகவும் உன் அப்பா சொன்னான். என் கப்பல் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஹைனா துறைமுகத்தில் நின்றபோது நானும் அப்படி ஒரு நாள் சுற்றிப் பார்த்தவன்தான். அன்று நான் கோட்டை விட்டதை நீ விடக்கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் நேரக் கணக்கைப் பார். நீ தங்கும் இடத்திலிருந்து நகரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். போக வர ஐந்தாறு மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். மிஞ்சுவதில் சாப்பாடு ஒரு மணி. கடை என்று ஒன்று வரும், அங்கேதான் உஷார். அம்பரும், லாரிமார் என்ற நீலக் கல்லும் காட்டுவார்கள். லாரிமார் அந்த நாட்டில் மட்டுமே கிடைப்பது, அழகானது, உண்மைதான். ஆனால் போலியும் உண்டு. எங்களை அழைத்துப்போனவர் கடையில் ஒரு மணி நேரமும் பேராலயத்தில் இருபது நிமிடமும் நிறுத்தினார். உங்கள் குழுவும் அப்படி நின்றால், எத்தனை மணிக்கு எங்கே வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்து தெருவைப் பார்.

பார்க்க வேண்டியதெல்லாம் பழைய நகரத்துக்குள் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. 1502இல் ஆளுநர் நிக்கோலாஸ் தெ ஒவாந்தோ, ஒசாமா ஆற்றின் மேற்குக் கரையில் நேர்கோடு பிடித்துத் தெருப்போட்டு அமைத்த ஊர் அது. வழிகாட்டி வாயைத் திறந்தால் "முதல்" என்பார். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் கல் பாவிய முதல் தெரு, முதல் பேராலயம், முதல் மருத்துவமனை, முதல் கோட்டை. நான் தலையாட்டிக்கொண்டே போட்டோ எடுத்தேன். நீ ஒரு காரியம் செய். ஒவ்வொரு "முதல்" வரும்போதும், அதைக் கட்டியது யார் கை என்று ஒரு கேள்வி கேள். சண்டைக்காக அல்ல, தெரிந்துகொள்ள. நல்ல வழிகாட்டியாக இருந்தால் அந்த இடத்தில்தான் அவர் முகம் மலரும்.

அல்காஸார் மாளிகையில் கேள். கொலம்பஸின் மகன் தியேகோ வாழ்ந்த வீடு அது. அதன் கல்லைத் தூக்கியவர்கள் அந்தத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள். வழிகாட்டியின் பட்டியலில் சேராத "முதல்"களில் ஒன்றும் தியேகோவோடு சேர்ந்ததுதான். 1521 டிசம்பரில் இவருடைய கரும்புத் தோட்டத்தில்தான் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பதிவான முதல் பெரிய அடிமைக் கிளர்ச்சி என்று அதைச் சொல்வார்கள்.

பேராலயத்தின் முன்னே இருக்கும் சதுக்கத்தில் கொலம்பஸ் கை நீட்டி நிற்பார். எல்லோரும் அவரைத்தான் படம் எடுப்பார்கள். நீ பீடத்தைப் பார். அவர் பெயரை எழுதுவதுபோல் ஒரு தைனோப் பெண் ஏறிக்கொண்டிருப்பாள். அனகவோனா என்ற தலைவி அவள் என்பார்கள். நிஜ அனகவோனாவைத் தூக்கிலிட்டது ஊரை அமைத்த அதே ஒவாந்தோவின் ஆட்சி. ஒவாந்தோவுக்கும் சற்றுத் தள்ளி ஸ்பெயின் சதுக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நான் அன்று பார்க்காமல் விட்டது இன்னொன்று. திரும்பும்போது கடற்கரைச் சாலையில், ஒரு துறவி வாயருகே கை வைத்துக் கடலை நோக்கிக் கத்துவதுபோல் பெரிய சிலை ஒன்று ஜன்னலில் கடந்துபோனது. யாரென்று கேட்டேன். "ஒரு பாதிரியார்" என்றார் ஓட்டுநர். ஊருக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அவர் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்று. 1511 டிசம்பரில், அந்தத் தியேகோவையும் நிலக்காரர்களையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, தைனோ மக்களை வதைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று பிரசங்க மேடையிலிருந்தே கேட்டவர். அந்தச் சிலை மெக்ஸிகோ தந்த பரிசு. பயணத் திட்டத்தில் அது இல்லை என்றால், ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் காலையிலேயே கேட்டு வை. மாலையில் கேட்டால் நேரமாகிவிட்டது என்பார்கள்.

சில்லறை விஷயங்கள்: பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். தெருக்கல் கரடுமுரடு, பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள். மூன்று கண்கள் என்ற குகை ஏரிகளுக்கு அழைத்துப்போனால் படிகள் ஈரமாக இருக்கும், கைப்பிடியை விடாதே. திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும், நாளை மாற்ற முடியுமா என்று பார். சில்லறைப் பெசோ கையில் இருக்கட்டும். மதியம் சோறும் பீன்ஸும் கறியும் வரும், உனக்குப் பிடிக்கும்.

நீ கேட்காமலே வழிகாட்டி மொந்தேசினோஸ் கதையைச் சொன்னால், டிப்ஸை இரட்டிப்பாகக் கொடு. அது என் கணக்கில்.

அன்புடன்,
பெரியப்பா