எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பூச்சிகள் குறைந்தனவா?

பூச்சிகளைப் பற்றிக் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது, வகுப்புத் தோழர் ஒருவர், “மூட்டைப்பூச்சியைப் பற்றியா?” என்று கேட்டார். அவர் விடுதியில் தங்கிப் படிப்பவர். அவர் கவலை அவருக்கு. நான் எழுத எடுத்துக்கொண்டது வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளை. அவை முன்பு இருந்த அளவுக்கு இப்போது இருக்கின்றனவா, இல்லை என்றால் அதை எப்படி அறிவது என்பதே என் கேள்வி.

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர் என் ஆயா. முத்தியால்பேட்டையில் எங்களுடையது பழைய வீடு. தெருப்பக்கம் திண்ணை, நடுவே முற்றம், பின்கட்டைத் தாண்டினால் கிணற்றடியை ஒட்டிச் சிறு தோட்டம். கறிவேப்பிலை, எலுமிச்சை, இரண்டு செம்பருத்தி, ஒரு பப்பாளி, ஒரு தென்னை, இவ்வளவுதான். 2022ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் அகல் விளக்குகளை வரிசையாக வைத்துவிட்டு ஆயா சொன்னார்: “ஏண்டா, விளக்குக்கு ஒரு பூச்சி வருதா பாத்தியா? அப்பல்லாம் மழை விட்டுச்சுன்னா ஈசல் வந்து விளக்கையே அணைச்சுடும்.” தொடர்ந்து பிள்ளைப்பூச்சி, மின்மினி, தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்த பொன்வண்டு என்று பட்டியல் நீண்டது. விலங்கியல் மாணவன் என்ற செருக்கில், “அதெல்லாம் ஞாபகக் கோளாறு ஆயா” என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு யோசித்தபோது, ஆயா சொன்னது தவறு என்று காட்ட என்னிடமும் சான்று எதுவும் இல்லை என்பது உறைத்தது.

பூச்சிகள் குறைகின்றன என்ற பேச்சு உலகெங்கும் உண்டு. அதற்கு வலுவான சான்றாகப் பலரும் காட்டுவது ஜெர்மனி நாட்டின் கிரெஃபெல்டு நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கத்தின் பணியை. அவர்கள் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற ஒரே வகைப் பொறியை வைத்து, அதில் விழுந்த பறக்கும் பூச்சிகளை 27 ஆண்டுகள் எடை போட்டு வந்தனர். 2017இல் அக்கணக்கு வெளியானபோது, மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது தெரிய வந்தது. என்னைக் கவர்ந்தது அந்த விழுக்காடு அன்று. 27 ஆண்டுகளும் பொறியை மாற்றாமல் இருந்த பிடிவாதமே. அதே சமயம், ஜெர்மனியில் குறைந்தது என்பதால் முத்தியால்பேட்டையிலும் குறைந்திருக்க வேண்டும் என்று கொள்வது, அங்கே பனி பெய்கிறது என்பதால் இங்கே கம்பளி வாங்குவதைப் போன்றதாகும்.

பூச்சியை எண்ணும் கலைக்கு நாம் ஜெர்மனி வரை போக வேண்டியதும் இல்லை. நம் ஊரிலேயே அது நடந்திருக்கிறது. 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கப் பெற்றது. யானைக்கால் நோய் அன்று இவ்வூரின் பெருந்துன்பம். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே அதைப் பரப்புவது. டாக்டர் பி. கே. ராஜகோபாலன் அவர்களின் தலைமையில் அம்மையத்தார் 1981 முதல் ஐந்தாண்டுக் காலம் நகரில் ஒரு பெருந்திட்டத்தை நடத்தினர். மருந்து தெளிப்பதை மட்டும் நம்பாமல், தேங்கிய வாய்க்கால்களை ஓடச் செய்தல், கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விடுதல், மக்களையும் வேலையில் சேர்த்துக்கொள்ளல் என்று பல வழிகளை ஒன்றாகக் கையாண்டனர்.

கொசு குறைந்ததா என்பதை அவர்கள் எப்படி அறிந்தார்கள்? “இப்போது கடி குறைவுதானே?” என்று வீட்டுக்காரரைக் கேட்டு அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் கை விளக்கும் உறிஞ்சு குழாயுமாக வீடுகளுக்குள் சென்று, சுவரிலும் கட்டிலடியிலும் ஓய்ந்திருக்கும் கொசுக்களைக் குறித்த நேரம் பிடிப்பார். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தார் என்பதே அளவு. ‘ஆள்-மணி அடர்த்தி’ என்பர். பிடிப்பவர் இரண்டு மணி நேரம் உழைத்து இருமடங்கு பிடித்தால் கொசு பெருகிவிட்டது என்று ஆகாது. உழைப்பு பெருகியது, அவ்வளவே. இந்த எளிய உண்மை புரிந்தபோதுதான், பூச்சிகளை எண்ணுவதும் அவற்றை எண்ணும் நம்மை அளப்பதும் ஒன்றாகவே நடக்க வேண்டியவை என்று விளங்கிற்று.

ஆகவே 2023 சனவரியில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இங்கிலாந்தில் 1976இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பின் முறையைச் சுருக்கி எடுத்துக்கொண்டேன். அங்கே ஆர்வலர்கள் வாரம் ஒரு முறை ஒரே பாதையில் நடந்து, தம்மைச் சுற்றி 5 மீட்டருக்குள் வருபவற்றை மட்டும் எண்ணுவர். எங்கள் தோட்டத்தில் 5 மீட்டர் என்றால் அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் போய்விடும். எனவே கிணற்றடியிலிருந்து தென்னை வரை நடை, காலை ஒன்பதரை மணி, 15 நிமிடம், ஞாயிறுதோறும் என்று வகுத்துக்கொண்டேன்.

முதல் சில மாதங்களிலேயே இரண்டு பிழைகள் செய்தேன். ஒன்று, மழைத்தூறலாய் இருந்த ஞாயிறுகளில் போர்வையை விட்டு எழாமல், வெயிலடித்த ஞாயிறுகளில் மட்டும் எண்ணியது. வண்ணத்துப்பூச்சி வெயிலை விரும்புவது; ஆகவே என் கணக்கு எப்போதும் செழிப்பாகவே இருந்தது. மற்றொன்று, கண்ணில் பட்டதை எல்லாம் ஒரே கூட்டலில் சேர்த்தது. ஐப்பசியில் ஒரு நாள் தோட்டத்துக்கு மேல் தட்டான்கள் கூட்டமாகப் பறந்தன. அந்த வாரத்துக் கூட்டுத்தொகை மலைபோல் உயர்ந்தது. ஆனால் பருவமழையோடு வரும் அந்த மஞ்சள் தட்டான் பெரும் பயணி. இந்தியப் பெருங்கடலைக் கடந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை அவ்வினம் செல்கிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியிருக்கிறார். எங்கள் தென்னைக்கு மேல் பத்து நிமிடம் பறந்துவிட்டுப் போகும் அப்பயணியை எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையில் சேர்ப்பது முறையோ?

எனவே ஒரு தோட்டத்தின் நிலையைச் சொல்ல, அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளரும் பூச்சி வேண்டும். எனக்குக் கிடைத்த சாட்சி எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி. இது எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். இளம்புழு கறுப்பும் வெண்மையும் கலந்து பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருப்பதால் குருவிகள் ஏமாறுகின்றன. வளர்ந்தபின் இலைப் பச்சை நிறம் கொள்ளும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற சிவந்த உறுப்பை நீட்டி ஒரு நெடியை வீசும். முட்டை முதல் சிறகு முளைத்துப் பறப்பது வரை ஏறக்குறைய ஒரு மாதம். மரத்தடியில் நின்று புழுக்களை எண்ணலாம். பறந்து ஓடாத காரணத்தால் கணக்கு தவறுவதும் குறைவு.

2023 ஆடி வரை கறிவேப்பிலையில் வாரந்தோறும் நான்கைந்து புழுக்களாவது இருந்தன. ஆவணியில் ஒன்றுமில்லை. புரட்டாசியிலும் ஒன்றுமில்லை. எனக்கோ வருத்தத்தைவிட மகிழ்ச்சியே அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் அழிவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி. அந்நாள்களில் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்துப் போவதுண்டு. அப்புகைக்குக் கொசு எது, வண்ணத்துப்பூச்சி எது என்ற பேதம் தெரியாது அல்லவா? குற்றவாளி கிடைத்தாயிற்று என்று நான்கு பக்கம் எழுதி எங்கள் பேராசிரியரிடம் நீட்டினேன்.

அவர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “புகை அடித்த தேதிகளைக் குறித்திருக்கிறாயா?” குறிக்கவில்லை. “வேறு என்ன நடந்தது என்பதையாவது குறித்திருக்கிறாயா?” அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் குறித்துத்தான் வைத்திருந்தேன். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், கடைக் கணக்கு எழுதுமிடத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது: ‘செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு மருந்து. மீதி கறிவேப்பிலைக்கு.’ ஆடிக் கடைசியில் தொடங்கிப் பதினைந்து நாள்களுக்கு ஒரு முறையாக நான்கு முறை. மீந்த மருந்தை வீணாக்குவானேன் என்று பக்கத்து மரத்துக்கு அடித்தவன் நானே. அம்மா அந்த மாதங்களில் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மருந்தை நிறுத்தினேன். 2024 தைத் திங்களில் தளிர் நுனியில் மஞ்சள் முத்துப்போல ஒரு முட்டை கண்டேன். மருந்தை நிறுத்தியதால்தான் அவை திரும்பின என்று அடித்துச் சொல்லவும் இயலாது. மழை ஓய்ந்து மரம் தளிர்த்த காலமும் அதுவே. ஒரு மரத்தை வைத்துக்கொண்டு இதற்குமேல் வழக்காட முடியாது. புகையும் குற்றமற்றது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அதன்மேல் நான் சுமத்திய குற்றத்துக்குச் சாட்சி இல்லை என்பது மட்டும் உறுதி.

இனி, மாவுப்பூச்சி வந்த கதையைச் சொன்னால், மாற்றம் என்பது குறைவு மட்டுமன்று என்பது விளங்கும். செம்பருத்தியிலும் பப்பாளியிலும் வெண்பஞ்சு அப்பியதுபோல் மொய்க்கும் பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டு விரைவில் தமிழ்நாடெங்கும் பரவியது. மருந்துக்கு அது அடங்கவில்லை. அதன் மெழுகுப் பூச்சே அதற்குக் கவசம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய குளவி பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, வளர்த்துத் தோட்டங்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அக்குளவி, மருந்துகளால் ஆகாததைச் செய்து முடித்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தோன்றிய சுருள் வெள்ளை ஈயின் கதையும் இத்தகையதே. ஓலையின் அடியில் அது சொரியும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து, தென்னையின் கீழுள்ள கொய்யாவும் வாழையும் கரி பூசியதுபோல் ஆகும். அதையும் அடக்குவது என்கார்சியா என்னும் சிறு குளவியே. மருந்து அடித்தால் முதலில் மடிவது இக்குளவிகள். இந்தக் குளவிகளின் கதையை நான் படித்துத் தெரிந்துகொண்டது, அந்த நான்கு முறை அடித்து முடித்த பிறகு!

குறைந்தது ஒன்று உண்டு; அதற்கு மருந்தும் காரணமன்று, புகையும் காரணமன்று. எங்கள் வீட்டை அடுத்து ஒரு வெற்று மனை இருந்தது. எருக்கும் ஆமணக்கும் முள்ளும் மண்டிக் கிடந்தது. எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அங்கிருந்து மதிலைத் தாண்டி எங்கள் செம்பருத்திக்கு வந்து போகும். 2024 சித்திரையில் அம்மனையைச் சுத்தம் செய்து கட்டடம் எழுப்பினர். வாழ வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அதன்பின் என் நோட்டில் வெந்தய வரியனுக்கு உரிய கட்டத்தில் பெரும்பாலும் கோடுதான் விழுகிறது. நம் நகரில் முற்றங்களுக்குச் சிமெண்டுத் தளம் போடும்போதும், மதிலோரத்து ஆடுதின்னாப்பாளையைக் களை என்று பிடுங்கும்போதும், ஒவ்வொரு செடியை நம்பியிருக்கும் பூச்சியும் அதனுடன் போகிறது. ஆடுதின்னாப்பாளை இனக் கொடிகள் இன்றி ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிக்கு வாழ்வில்லை. பூ மட்டும் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

ஆயாவின் ஈசலுக்கு வருகிறேன். அவர் சிறு வயதில் திண்ணையில் எரிந்தது அகல் விளக்கும் அரிக்கேன் விளக்கும். தெரு முழுதும் இருட்டு. இருட்டில் ஒரே விளக்கு என்றால் சுற்று வட்டாரத்துப் பூச்சியெல்லாம் அதற்கே வரும். இன்று தெருவெங்கும் விளக்கு. ஈசல் எந்த வீட்டுக்கென்று போகும்? மேலும் இப்போது எரிவது எல்.இ.டி. விளக்கு. பூச்சிகளின் கண்ணை மிகவும் இழுப்பது புற ஊதா ஒளி, அது எல்.இ.டி.யில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே விளக்குக்குப் பூச்சி வரவில்லை என்பதால் பூச்சியே இல்லை என்றாகாது. பொறியை மாற்றிவிட்டோம். அதற்காக, பூச்சி குறையவில்லை என்றும் சொல்ல வரவில்லை. ஆயாவின் காலத்தில் நோட்டுப் போட்டு எண்ணியவர் இல்லையே என்பதுதான் என் குறை.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் தோட்டம் கிணற்றோடு ஒன்றாகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முழங்கால் நீரில் நின்று 15 நிமிடம் எண்ணி, எல்லாக் கட்டத்திலும் சுழி போட்டேன். தண்ணீர் வடிந்ததும் செய்த முதல் வேலை, பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளைக் கவிழ்த்தது. அவற்றில் தேங்கும் தெளிநீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். பிறகு வந்த கார்த்திகை தீபத்தன்று, பரணிலிருந்து பழைய குண்டு பல்பு ஒன்றை எடுத்து, எல்.இ.டி.க்குப் பத்தடி தள்ளிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டு, இரண்டின் கீழும் வெள்ளை வேட்டி விரித்தேன். அரை மணி நேரம் ஆயா ஒன்றுக்குக் காவல், நான் ஒன்றுக்கு. குண்டு பல்பின் கீழ் ஏழு, எல்.இ.டி.யின் கீழ் இரண்டு. ஏழில் ஒன்று கூட ஈசல் இல்லை. ஒரு நாள் கணக்கு போதாது. வரும் ஐப்பசியில் முதல் மழை விட்டதும் மறுபடி கட்ட வேண்டும் என்று ஆயாவே அந்தப் பல்பைத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறார்.