தெரியாததைக் கண்டு சிரிக்காதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்

அந்தியூரில் நாம் பிள்ளைகளுக்கு மாலை மக்தப் நடத்தி வருகிறோம். அஸர் தொழுகைக்குப் பின் ஓத வருகிற பிள்ளைகள் மஃக்ரிபை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அங்கே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அதில் தவறு செய்தவர் நாமேயாதலால் சொல்லத் தயக்கமில்லை.

வியாபார நிமித்தமாகக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் இங்கே வந்து குடியேறியது. அவர்களுடைய ஒன்பது வயது மகனை மக்தபில் சேர்த்தார்கள். முதல் நாள் மஃக்ரிப் தொழுகையில் இமாம் ஸூரத்துல் ஃபாத்திஹாவை முடித்ததும், எல்லோரும் மெதுவாக ஆமீன் சொல்ல, இந்தப் பிள்ளை மட்டும் உரக்கச் சொன்னான். ருகூவுக்குப் போகும்போதும் எழும்போதும் இரு கைகளையும் உயர்த்தினான். பிள்ளைகளின் ஸஃப்பில் சிரிப்பு எழுந்தது. தொழுகை முடிந்ததும் ஒரு பையன் ஓடி வந்து, "ஏனுங்க ஹஜ்ரத், இவன் தொழுகையில கொசு ஓட்டறானுங்க!" என்றான்.

நாம் என்ன செய்தோம்? அவசரத்தில் இருந்தோம். "தம்பி, இங்கே எல்லாரும் தொழுகிற மாதிரி நீயும் தொழு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். அந்த ஒரு வார்த்தை போதுமானதாகிவிட்டது. சிரித்த பிள்ளைகளுக்கு ஹஜ்ரத்தே பத்வா கொடுத்ததாக ஆயிற்று. அவன் வீட்டில் நண்டு சமைப்பார்கள் என்பது தெரிந்ததும் 'நண்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தகப்பனாரை அவன் 'வாப்பா' என்று அழைப்பதும், தாயாரை 'உம்மா' என்பதும்கூடக் கேலிக்கு ஆளாயின.

ஒரு வாரம் கழித்து அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். கதவுக்குப் பின்னால் நின்று அவன் தாயார் சொன்னார்: "அவன் இப்ப வீட்டிலயும் தொழுறதில்லை, ஆலிம்சா. நான் தொழுறது தொழுகையே இல்லையாம் உம்மான்னு சொல்றான்."

தொழத் தெரிந்த ஒரு பிள்ளை நம்மால் தொழுகையை விட்டான். இதைவிட ஓர் உஸ்தாதுக்கு வேறென்ன நஷ்டம் வேண்டும்? அன்றிரவு நாம் யோசித்ததையும், அதன் பிறகு மக்தபில் கற்றுக் கொடுத்து வருவதையும் இங்கே பெற்றோர்கள் முன் வைக்கிறோம்.

அல்லாஹ் வைத்த வேற்றுமை

வானங்களையும் பூமியையும் படைத்ததோடு சேர்த்து, மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹுத் தஆலா எண்ணிக் காட்டுகிறான் (30:22). மக்களைச் சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்கிறான் (49:13). அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால்தான், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறான் (49:11). இந்த வரிசையைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். கேலியை விட்ட பிறகே அறிமுகம் வரும். பட்டப்பெயர் வைத்துவிட்டால் அந்த ஆளை அறிந்துகொள்ளும் வாசலே அடைபட்டுப் போகிறது.

ஈரோடு, கோயமுத்தூர் பக்கத்துப் பள்ளிவாசல்களில் தமிழ் பேசுகிறவரும் உருது பேசுகிறவரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். பர்கூர் மலையிலிருந்து இறங்கி அந்தியூருக்கு வருகிறவர்களில் பலர் கன்னடம் பேசுகிறார்கள். திக்குவாய்ப் பிள்ளையும், கண் தெரியாதவரும், நடக்க இயலாதவரும் நம் தெருவில் இருக்கிறார்கள். கண் தெரியாத ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் விஷயமாகவே ஒரு ஸூராவின் தொடக்கம் இறங்கியது (80:1-10). அந்த ஸஹாபியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவராகவும் வைத்திருந்தார்கள். இதைக் கேட்ட பிள்ளைக்குக் குறையுள்ளவரைக் கண்டு சிரிக்கத் தோன்றாது.

உமர் (ரலி) கற்ற பாடம்

மார்க்கத்துக்குள்ளேயே வருகிற வேற்றுமைதான் பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. இதற்கு புகாரியில் வருகிற ஒரு நிகழ்ச்சியைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்கவில்லை.

ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் தொழுகையில் ஸூரத்துல் ஃபுர்கானை ஓதிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்களுக்குத் தாம் கற்றதற்கு மாறாக அது இருந்தது. தொழுகையிலேயே பிடித்துவிடலாமா என்கிற அளவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஸலாம் கொடுக்கும் வரை பொறுத்தார்கள். பிறகு மேலாடையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் ஹிஷாமை விடச் சொன்னார்கள். அவரை ஓதச் சொல்லிக் கேட்டு, இப்படித்தான் இறங்கியது என்றார்கள். பிறகு உமரை ஓதச் சொல்லிக் கேட்டு, இப்படியும்தான் இறங்கியது என்றார்கள். குர்ஆன் ஏழு வகையில் அருளப்பட்டிருப்பதையும், அவற்றில் இலகுவானதை ஓதலாம் என்பதையும் விளக்கினார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நாம் மூன்று கேள்விகள் கேட்போம். உமர் (ரலி) அவர்கள் ஓதியது தவறா? இல்லை. ஹிஷாம் (ரலி) அவர்கள் ஓதியது தவறா? இல்லை. அப்படியானால் தவறு எங்கே? "எனக்குத் தெரியாதது இருக்காது" என்று நினைத்ததில்தான். ஸஹாபாக்களில் அத்தனை பெரியவருக்கே இது நேர்ந்தது என்றால் நமக்கு நேராதா என்று பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடுகிறார்கள். உமர் (ரலி) அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லதும் இதில் உண்டு. அவர்கள் தொழுகை முடியும் வரை பொறுத்தார்கள். தாமாகத் தண்டிக்காமல் அறிந்தவரிடம் கொண்டு போனார்கள். விளக்கம் கிடைத்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில் பனூ குறைளா சம்பவத்திலும் இப்படியே. அங்கே போய்ச் சேர்ந்த பிறகே அஸர் தொழ வேண்டும் என்று கட்டளை பிறந்தது. வழியில் நேரம் நெருங்கியது. சிலர், விரைந்து போகச் சொன்னதே கருத்து என்று வழியில் தொழுதார்கள். சிலர், சொன்ன சொல்லின்படி அங்கே போய்த்தான் தொழுதார்கள். விஷயம் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது இரு சாராரில் யாரையும் அவர்கள் கண்டிக்கவில்லை.

ஹனஃபியும் ஷாஃபிஈயும்

கடற்கரைப் பிள்ளையின் தொழுகைக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அரபு நாட்டுக் கப்பல்களோடு இருந்த பழந்தொடர்பில் வந்தது அது. மலபார், இலங்கை, மலேசியா, இந்தோனேஷியா என்று கடலோரம் நெடுகிலும் அதுவே பரவியிருக்கிறது. நம் கொங்குப் பகுதி போன்ற உள்நாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். வடக்கே டில்லியிலிருந்து மத்திய ஆசியா வரை நீள்கிறது அந்த வழி.

ஷாஃபிஈகள் ஆமீனை உரக்கச் சொல்வார்கள். ருகூவின்போது கைகளை உயர்த்துவார்கள். ஸுப்ஹில் குனூத் ஓதுவார்கள். ஹனஃபிகள் ஆமீனை மெதுவாகச் சொல்வார்கள். முதல் தக்பீரில் மட்டும் கை உயர்த்துவார்கள். வித்ரில் குனூத் ஓதுவார்கள். கடல் பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபிகளின் சட்டம். அதனால் நண்டை நாம் உண்பதில்லை. ஷாஃபிஈகளில் பலர் கடல் நண்டை ஆகுமானதாகக் கொள்கிறார்கள். இரு தரப்பாருக்கும் ஆதாரங்கள் உண்டு. அவற்றை இமாம்கள் ஆயுள் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் வஃபாத்தானார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் இமாம் ஷாஃபிஈ அவர்கள் பக்தாதில் யாரிடம் கல்வி கற்றார்கள் தெரியுமா? இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களிடம்தான். "உங்கள் இமாமுடைய மாணவரிடம் ஓதியவர்தான் அவனுடைய இமாம்" என்று சொன்னபோது, கேலி செய்த பையனின் முகம் மாறியதை நாம் கண்டோம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் கேரளத்து ஷாஃபிஈ மாணவர்களும் தமிழகத்து ஹனஃபி மாணவர்களும் சேர்ந்தே ஓதி ஆலிம்களாகி வெளிவந்திருக்கிறார்கள். பெரிய மதரஸாவில் நடக்கிற காரியம் சின்ன மக்தபில் ஏன் நடக்கக் கூடாது?

புரியாதவற்றைப் பொறுப்பது

பிள்ளைகள் சிரிப்பதற்கு எப்போதும் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பதில்லை. புரியாதது ஒன்று எதிரில் வந்தால் மனம் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைச் சிரிப்பாலோ வெறுப்பாலோ மறைத்துக்கொள்கிறார்கள். ஆகவே புரியாததோடு சிறிது நேரம் அமைதியாக இருக்கக் கற்றுக் கொடுப்பதே இதற்கு மருந்து.

ஸூரத்துல் கஹ்ஃபில் மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் சென்ற பயணத்தைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள் (18:60-82). ஏற்றிக்கொண்டவர்களின் படகைப் பழுதாக்கியது அநியாயமாகத் தெரிந்தது. நல்ல படகுகளைப் பறிக்கும் அரசனிடமிருந்து ஏழைகளின் பிழைப்பைக் காக்கவே அது என்பது பின்னால்தான் விளங்கியது. உணவு தர மறுத்த ஊரில் கூலியில்லாமல் சுவரைச் சீர்செய்தது வீண் வேலையாகத் தெரிந்தது. அநாதைகள் இருவரின் புதையலைக் காக்கவே அது. பாதி மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே பாடம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கிஸ்ஸாவைச் சொல்லி, "பெரியவர் எதைச் செய்தாலும் காரணம் இருக்கும், கேட்காதே" என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடக் கூடாது. கிள்ரு (அலை) அவர்களுக்கு அல்லாஹ் தனியாக அறிவு கொடுத்திருந்தான். நமக்கு அது இல்லை. நபியாகிய மூஸா (அலை) அவர்களே கேட்காமல் இருக்கவில்லை. இறுதியில் அவர்களுக்கு விளக்கமும் சொல்லப்பட்டது. ஒருவர் தன்னைத் துன்புறுத்தினால், தவறாக நடந்தால், அவர் யாராயிருந்தாலும் பிள்ளை உடனே வீட்டில் சொல்ல வேண்டும். வேற்றுமையைப் பொறுப்பது வேறு, அக்கிரமத்தைப் பொறுப்பது வேறு. இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

பெரியவர்களாகிய நாமும் 'தெரியாது' என்று சொல்லப் பழக வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட எத்தனையோ கேள்விகளுக்கு எனக்குத் தெரியாது என்றே பதில் சொன்னதாக வரலாற்றில் காண்கிறோம். மதீனத்து இமாமுக்கு அது குறைவாகவில்லை. தெரியாததை விளக்கப் போய் ஒரு பொய்யைச் சொல்வதைவிட, "கேட்டுச் சொல்கிறேன் கண்ணு" என்பது எவ்வளவோ மேல். ஞானம் இல்லாததன் பின்னே போகாதீர் என்பது திருமறையின் கட்டளை (17:36).

அண்டை வீட்டார் விஷயத்தில்

அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழா நடக்கும். அதையொட்டிக் குதிரைகளும் மாடுகளும் வந்து குவியும் பெரிய சந்தை கூடும். திப்பு சுல்தான் தம் படைக்குக் குதிரை வாங்கியது இங்கேதான் என்று ஊரார் சொல்லி வருகிறார்கள். குதிரை பார்க்கப் போகும் நம் பிள்ளைகள் அங்கே வழிபாடுகளையும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "ஏன் அத்தா அவங்க அப்படிச் செய்யறாங்க?" என்று கேட்கிறார்கள்.

பதில் எளிது. "அது அவர்கள் வழி. நம் வழி வேறு. நாம் அல்லாஹ் ஒருவனையே வணங்குகிறோம். ஆனால் அவர்கள் வணங்குவதை நாம் ஏசக் கூடாது, அல்லாஹ்வே அதைத் தடுத்திருக்கிறான்" என்று சொல்ல வேண்டும் (6:108). ஈமானில் விட்டுக்கொடுப்பது ஒன்றுமில்லை. மரியாதையில் குறைவைப்பதும் இல்லை.

தெருவில் பறை முழங்க ஒரு பிரேதம் போனால் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் போலச் செய்து விளையாடுவதைப் பார்க்கிறோம். நபி (ஸல்) அவர்களைக் கடந்து ஒரு ஜனாஸா சென்றபோது அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் உயிரல்லவா என்பதே அவர்களின் பதிலாக இருந்தது. இதை ஒரு முறை சொல்லி வையுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் ஒதுங்கி அமைதியாக நிற்பார்கள்.

பெற்றோர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டுப் பேச்சைக் காக்க வேண்டும். உருதுக்காரர், தமிழ்க்காரர், அந்த ஊர்க்காரர், இந்த ஜாதிக்காரர் என்று சோற்றுத் தட்டின் முன் நாம் பேசுவதைத்தான் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேசுகிறான்.

இரண்டாவது, பிள்ளை சிரித்தால் அடிக்காமல், "அது ஏன் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், "அவனிடமே மரியாதையாகக் கேட்டு வா" என்று அனுப்புங்கள்.

மூன்றாவது, கேலிக்கு ஆளானவனைக் கவனியுங்கள். சிரித்தவர்களைத் திருத்துவதிலேயே நின்றுவிட்டால் புண்பட்டவன் தனியே கிடப்பான்.

அந்தக் கடற்கரைப் பிள்ளையின் வீட்டுக்கு நாம் மறுநாளும் போனோம். "தம்பி, நீ தொழுதது சரி. நான் சொன்னதுதான் தவறு" என்று அவன் தாய் தகப்பன் முன்னிலையிலேயே சொன்னோம். அவன் உடனே வந்துவிடவில்லை. மூன்று நாள் சென்றுதான் வந்தான். அன்று பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து, அவனையே எழுந்து ஷாஃபிஈ முறையில் இரண்டு ரக்அத் தொழுது காட்டச் சொன்னோம். கேலி செய்த பையன்தான் முதலில் கேள்வி கேட்டான்: "கையை எந்த எந்த எடத்துல தூக்கணுமுங்க?" அவன் காட்டிக் கொடுத்தான்.

இன்றைக்கும் நம் பள்ளிவாசலில் மஃக்ரிபில் ஃபாத்திஹா முடிந்ததும் பிள்ளைகளின் ஸஃப்பிலிருந்து ஓர் ஆமீன் உரக்கக் கேட்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெரியாததை ஏளனம் செய்யாத நாவையும், வேறுபட்டவரை வெறுக்காத உள்ளத்தையும் நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் நமக்கும் அவற்றைத் தருவானாக! ஆமீன்.