பொய்ப்பல்லுக்குப் பிடிமானம்: செய்முறையும் செலவும்

பற்கள் முழுவதையும் இழந்து பொய்ப்பல் கட்டியவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை ஒன்றுண்டு: "மேல் செட் நிற்கிறது, கீழ் செட் நிற்கவில்லை." மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டோ ஒடுங்கிய முரசின்மேல் இருக்கிறது. நாக்கும் அதைத் தள்ளுகிறது. பல் போனபின் தாடை எலும்பும் தேயும். கீழ்த் தாடை கூடுதலாகத் தேயும். இதனால் பலர் கஞ்சியோடு நின்றுவிடுகிறார்கள், உடலும் மெலிகிறது.

இம்ப்ளான்ட் என்றால் என்ன?

எலும்பினுள் வைக்கப்படும் சிறு தைட்டேனியம் திருகாணியே இம்ப்ளான்ட். தைட்டேனியத்தை எலும்பு இறுகப் பற்றும் என்பதைக் கண்டறிந்து, 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைப் பொருத்தியவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க். கீழ்த் தாடைக்கு இரண்டு திருகாணிகள் போதும் என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள்.

செய்முறை

1. எக்ஸ்ரே எடுத்து எலும்பின் அளவு பார்க்கப்படும். நீரிழிவு, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு மருந்து, புகைத்தல் ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெற்றிலை, புகையிலை போடுபவர்களின் வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இருந்தால் முதலில் அதைக் காட்ட வேண்டும்.
2. விறைப்பு ஊசி போட்டு, கீழ்த் தாடையின் முன்பக்கத்தில் இரண்டு திருகாணிகள் வைக்கப்படும்.
3. ஏறக்குறைய மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். நட்ட கதியாலை வேர்பிடிக்கும்வரை ஆட்டக் கூடாது, இதுவும் அப்படியே.
4. பின்னர் திருகாணியின்மேல் குமிழ் பொருத்தப்படும். பொய்ப்பல் செட் அதில் பொத்தான் போலக் கொளுவிக்கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவ வேண்டும்.

செலவு

தனியார் இடங்களில் ஒவ்வொரு திருகாணிக்கும் தனித்தனியாகப் பணம் வாங்குவார்கள். இரண்டு திருகாணியும் செட்டும் சேர்ந்தால் செலவு இலட்சக் கணக்கில் போகும். கழற்ற முடியாத செட்டுக்கு நான்கு முதல் ஆறு திருகாணி தேவைப்படுவதால் செலவு மேலும் கூடும். எக்ஸ்ரே, திருகாணி, குமிழ், செட், பின்னர் மாற்ற வேண்டிய றப்பர் வளையம் ஆகிய ஐந்துக்கும் விலையை எழுத்தில் கேளுங்கள். பல தடவை போய்வரும் பஸ் செலவையும் இழக்கும் நாட்கூலியையும் கணக்கில் சேருங்கள்.

முதலில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவில் விசாரியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பல் வைத்திய பீடத்துடன் இணைந்த போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் பெற முடியுமா, பொருட்களுக்கு நாம் பணம் கட்ட வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இதற்காகக் காணி உறுதியை ஈடு வைக்க வேண்டாம். பழைய செட்டின் அடிப்பகுதியைப் புதுப்பித்தாலே பலருக்கு ஆட்டம் குறையும்.

மலிவான வழி

இன்னும் சில பற்கள் இருப்பவர்கள், "எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்" என்று கேட்க வேண்டாம். கீழே நல்ல வேர் இரண்டு இருந்தால், வேர்ச் சிகிச்சை செய்து முரசு மட்டத்தில் வெட்டி, அதன்மேல் செட் கட்டலாம். வேர் இருக்கும் இடத்தில் எலும்பும் அதிகம் தேயாது.

இடம்பெயர்ந்தவர்களுக்கு

எந்தக் கம்பனியின் திருகாணி, என்ன அளவு என்று எழுதிய அட்டையைக் கட்டாயம் வாங்குங்கள். பிற்காலத்தில் வேறு ஊரில் குமிழ் மாற்றவேண்டி வந்தால், அந்த விபரம் இன்றி வைத்தியர் சிரமப்படுவார். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருக்கும் பையிலேயே அதையும் வையுங்கள். அவசரத்தில் வெளிக்கிடும்போது கையில் எடுப்பது அந்தப் பையைத்தானே.

குழுவில் பேச

1. நமது குடும்பத்தில் மெல்ல முடியாமல் உணவைக் குறைத்தவர் யார்? அவருக்கு என்ன சமைத்துக் கொடுக்கிறோம்?
2. பல் பிரிவுக்குப் போகும் முதியவருக்குத் துணையாக யார் போகலாம்?
3. அறுவடைப் பணத்தில் மருத்துவத்துக்கென ஒரு பங்கை ஒதுக்க நம்மால் முடியுமா?