ஹிஸ்டிடின்களை எண்ணிப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்து அலையாத்தி வேர்களில் கறுப்பாக அப்பிக்கிடந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை வாளியால் அள்ளிய கரை இது. சில வாரம் கழித்து அங்கே சேறு எடுக்கப் போனேன். "எண்ணெய துன்ற பூச்சி கெடச்சா எங்களுக்கும் ஒரு டப்பா குடு சார்" என்றார் படகோட்டிய அண்ணன்.

மேல்சேற்றை மட்டும் வழித்தெடுத்தேன். நான் தேடிய ஆல்கேன் ஹைட்ராக்சிலேஸ் நொதி, காற்றின் ஆக்சிஜனை எண்ணெய்ச் சங்கிலியின் நுனியில் ஏற்றி ஆல்கஹாலாக்குவது. ஆழத்துக் கருஞ்சேற்றில் அதற்கு வேலையில்லை.

அந்தச் சேற்றிலிருந்து கிடைத்த, டீசலை மட்டும் தின்று வளர்ந்த ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி கையில் வந்ததும் அவசரப்பட்டேன். தரவுத்தளத்தில் அந்த நொதியின் பெயரான 'அல்க்பி' என்று தேடி, வந்த புரதங்களையெல்லாம் வரிசைகளை ஒப்பிடும் கிளஸ்டல் ஒமேகா மென்பொருளில் கொட்டினேன். வரிசையெங்கும் ஓட்டை. அரை நாள் மென்பொருளைத் திட்டிய பிறகுதான் உறைத்தது: ஈ.கோலையில் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதத்துக்கும் அதே பெயர். ராயபுரத்தில் 'சேகர்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்களே, அந்தக் கதை. நீளத்தைப் பார்த்திருந்தாலே போதும். பழுதுபார்க்கும் புரதம் 216 அமினோ அமிலம், ஆல்கேன் நொதி சுமார் 400.

அடுத்த சறுக்கல் இதைவிட நுட்பமானது. தானியங்கிக் குறிப்பு ஒரு புரதத்தைக் 'கொழுப்பு அமில டீசாச்சுரேஸ்' என்றது. கிட்டத்தட்டத் தூக்கிப் போட்டுவிட்டேன். உண்மையில் புரதக் குடும்பத் தரவுத்தளமான பிஃபாம் இந்த இரண்டு நொதிகளையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. இரண்டிலும் மூன்று கொத்தாக நிற்கும் எட்டு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் இரும்பைப் பிடித்திருக்கின்றன. ஆல்கேன் நொதியில் கூடுதலாக 'ஹெச்-ஒய்-ஜி' எழுத்துகள் வரும் ஒரு துண்டும் மாறாமல் இருக்கும். என் புரதத்தில் அது இருந்தது.

அதிலிருந்து, சூடோமோனாஸ் புட்டிடா ஜிபிஓ1-இன் 401 அமினோ அமிலப் புரதத்தை முதல் வரியிலும், நிஜமான டீசாச்சுரேஸ் ஒன்றைக் கடைசி வரியிலும் வைத்தே ஒப்பிடுகிறேன். வரிசைகளைக் காட்டும் ஜால்வியூ மென்பொருளில் ஹிஸ்டிடினுக்கு மட்டும் நிறம் பூசுவேன். ஒற்றுமை 40 சதவீதமே இருந்தாலும் கொத்துகள் நேராக நின்றால் நம்பலாம். ஒரு ஹிஸ்டிடின் தவறியிருந்தால், சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். முதல் கொத்தே காணோமென்றால், மரபணு அங்கே அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரிசை சொல்வது ஊகம்தான். குடுவையில் டீசல் ஊற்றிச் சோதிக்கும்போது பாக்டீரியா போடாத குடுவை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். டீசல் தானாகவும் ஆவியாகும்.