பொருள் வரைதலும் பொற்கடிகாரமும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது பொருள் வரைதல். நிலம், வீடு, பொன், தானியம் முதலியவற்றிற்கு வரம்பு கட்டி, அதனைக் கடவாது வாழ்தலே அதன் இலக்கணம். வரம்பு கட்டுவது எளிது. வந்து சேரும் பொருள் எந்தக் கணக்கில் அடங்கும் என்று துணிவதே அரிது.

மயிலாப்பூரில் வாழும் நம் சகோதரி ஒருவர் எம்மிடம் அத்தகைய ஐயம் ஒன்றை எழுப்பினார். மாமியார் மறைவுக்குப் பின் அவருக்கு வந்தது பழைய பொற்கைக்கடிகாரம் ஒன்று. முகப்பைச் சுற்றிச் சிறு வைரங்கள். பட்டையில் பண்டைக் கிரேக்கக் கட்டடங்களில் காணும் இலைமாலையும் சதுரச் சுருள்கோடும். 1849இல் சென்னையில் தொடங்கப்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற நிறுவனங்களில் செல்வர் வாங்கி அணிந்த வகையினது. சகோதரியார் பொன்னுக்கு 40 பவுன் வரம்பு ஏற்றவர். கைவசம் இருப்பது 39. "கடிகாரம் காலம் காட்டும் கருவிதானே? சாமாயிகத்துக்கும் உதவுகிறதே, பொன் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டுமா?" என்பது அவர்தம் வினா.

சாமாயிகத்துக்குரிய ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். முன்னோர் அதனை 3,773 உயிர்ப்புகளாக அளந்தனர். சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்கள் பலவும் நொடிக்கு 5 முறை துடிப்பன. ஒரு முகூர்த்தத்தில் 14,400 துடிப்பு. எஃகு உறையிலிட்ட கடிகாரமும் அதே 14,400 முறைதான் துடிக்கிறது. ஆகவே உள்ளிருக்கும் பொறி கருவி. உறையும் பட்டையும் வைரமும் அணிகலனே.

தியாகராய நகர்க் கடையொன்றில் எடையிட்டபோது, பொறியும் கண்ணாடியும் நீங்கலாகப் பொன் 28 கிராம் இருந்தது. அது 18 காரட். ஆயிரத்தில் 750 பங்கே தங்கம். ஆகத் தூய தங்கம் 21 கிராம். 22 காரட் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 23 கிராம், அதாவது 3 பவுனுக்குச் சற்றுக் குறைவு. வரம்பு 2 பவுன் அளவு மீறுகிறது. வைரத்துக்கோ அவர் வரம்பே குறிக்கவில்லை. விரதம் வாய் திறவாத இடத்தை அனுமதி எனக் கொள்ளலாகாது என்பதே எம் கருத்து.

"கணவர் பெயருக்கு மாற்றிவிடலாமே" என்றனர் வீட்டார். இவ்வழி நம்மவரிடையே புதிதன்று! ஆயினும் அணிபவர் அவரேயன்றோ? பொருளின்பால் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்கிறார் தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி. இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர், இவ்விரதத்தின் குற்றங்கள் ஐந்தனுள் வியப்பையும் ஒன்றாக வைத்தார். பிறர் செல்வம் கண்டு வியத்தல் என அதற்குப் பொருள் கூறுவர். பிறர் வியக்கவென்றே செய்யப்பட்ட பொருளைக் கையில் கட்டுவோர் அவ்விடத்தைச் சற்று நின்று பயிலுதல் நன்று. மணநாளில், அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு அணிகளைக் களைந்தவர் நேமிநாதர். அப்பெருமானுக்கு முன்னாளில் கோயில் இருந்த ஊர் இம்மயிலை.

சகோதரியார் கடிகாரத்தை உருக்கவில்லை. தம் வளையல்களுள் 2 பவுனை விற்றுச் சாத்திர தானத்துக்கு அளித்தார். விரத ஏட்டில் வைரத்துக்கென ஒரு வரி புதிதாக எழுதி, எதிரே அக்கடிகாரத்தை மட்டும் குறித்தார்.