கடற்பசு நீரில் மூழ்கிச் சாகுமா?

கேள்வி: கடலிலேயே வாழும் கடற்பசு, வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி இறந்துவிடும் என்கிறார்களே, அது எப்படி?
– வாசகி ஒருவர், பேராவூரணி

பதில்: கடற்பசு மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி. அதற்குச் செவுள் கிடையாது; நம்மைப்போல நுரையீரல்தான். அடியில் கடற்புல்லை வேரோடு பறித்துத் தின்றுகொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிப் போகும். அது மேய்ந்த இடத்தில் புல் இல்லாத வளைந்த தடம் ஒன்று மணலில் நீளும். இரவில் விரித்த செவுள் வலையில் மாட்டினால் மேலே வர முடியாது. விடிந்து வலையை இழுக்கும்போது உயிர் இருக்காது.

அந்த ஒரு சாவு எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா? சினைக்காலமே ஓர் ஆண்டுக்கு மேல். ஈற்றுக்கு ஒரு குட்டிதான்; அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். போன பெண் விலங்கின் இடம் நிரம்ப ஒரு தலைமுறை பிடிக்கும்.

2022இல் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மிக நல்ல முடிவு. ஆனாலும் கடற்பசுவைக் காப்பாற்றுவது, தன் வலையை அறுத்துவிட்டு அதை நீந்தவிடும் மீனவர்தான். அறுந்த வலைக்கு ஈடு தாமதமின்றி அவர் கைக்குச் சேர வேண்டும். உயிரோடு சிக்கினால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மூக்கு நீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிக்கொண்டு வலையை அறுங்கள், பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.